தானியேலின் எண்களைக் கணக்கிட்ட ஜோசப் உல்ஃப்



திருவழிபாட்டு ஆண்டு முடிவடையும் நவம்பர் மாதத்தில், பொதுக்காலத்தின் 33-ஆம் ஞாயிறன்று, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை தானியேல் நூலின் 12-ஆம் அதிகாரமும் மாற்கு நற்செய்தியின் 13-ஆம் அதிகாரமும் நம் ஆலயங்களில் வாசிக்கப்படுகின்றன. இருளடையும் கதிரவனும் விழுகின்ற விண்மீன்களும் வருகின்ற வாசகம் அது. அன்று திருப்பலி முடிந்து ஆலய வாசலில் நிற்கும்போது கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். பத்துக் கொம்புள்ள விலங்கு யார்? 666 என்பது என்ன? இன்னும் எத்தனை ஆண்டு? ஆதார் எண் வந்தபோதும் இதையே கேட்டார்கள். 2021-இல் தடுப்பூசி போட்டபோதும் இதையே கேட்டார்கள்.

இதே கேள்விகளுக்கு ஆண்டு குறித்துப் பதில் சொன்ன ஒரு மனிதர், 1833-இல் சென்னை தொடங்கிப் புதுச்சேரி, திருநெல்வேலி என்று நம் தமிழ் மண்ணில் பயணம் செய்திருக்கிறார். அவர் பெயர் ஜோசப் உல்ஃப். அந்தக் காலத்தில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் அறிந்த பெயர் அது. இன்று நம் மக்களில் பலருக்கு அவரைத் தெரியாது. நம் கத்தோலிக்கக் குருமடத்தில் தொடங்கிய வாழ்வு அவருடையது என்பதால், அவரைப் பற்றி நாம் அறிந்துகொள்வது நல்லது.

ஜெர்மனியின் பவேரியப் பகுதியில் வைலர்ஸ்பாக் என்னும் சிற்றூரில், 1795-இல், ஒரு யூத ரபியின் மகனாக அவர் பிறந்தார். ஏழு வயதுச் சிறுவனாக இருந்தபோது, தங்கள் மெசியா வரப்போகிறார் என்று அண்டை வீட்டுக் கிறிஸ்தவர் ஒருவரிடம் பெருமையாகப் பேசினாராம். முடிதிருத்தும் தொழில் செய்த அந்த முதியவர் சிறுவனை அதட்டவில்லை. வீட்டுக்குப் போய் எசாயா நூலின் 53-ஆம் அதிகாரத்தைப் படித்துப் பார் என்று மட்டும் சொல்லி அனுப்பினார். துன்புறும் ஊழியனைப் பற்றிய பகுதி அது. சிறுவன் படித்தான், தந்தையிடம் போய் இது யாரைக் குறிக்கிறது என்று கேட்டான். தந்தையிடமிருந்து பதில் வரவில்லை. இறைவாக்கில் வரும் ஓர் உருவம் யாரைக் குறிக்கிறது என்ற கேள்வி அன்று அவருக்குள் புகுந்தது. சாகும்வரை அது அவரை விடவில்லை.

1812-இல் பிராகு நகரில் பெனடிக்ட் சபை மடத்தில் திருமுழுக்குப் பெற்றுக் கத்தோலிக்கரானார். பிறகு வியன்னா சென்றார். அங்கே அவருக்குக் கிடைத்த வழிகாட்டிகளில் ஒருவர் மீட்பர் சபைத் துறவி கிளமென்ட் மரிய ஹோஃப்பவர். 1909-இல் புனிதராக உயர்த்தப்பட்ட அதே ஹோஃப்பவர்தான். ஒரு புனிதரின் அருகில் அமர்ந்து கற்கும் பேறு எத்தனை பேருக்குக் கிடைக்கும்! 1816-இல் உரோமை நகருக்குப் போனார். திருத்தந்தை ஏழாம் பயசை நேரில் சந்தித்தபோது அன்பு மிகுதியால் அவர் தோளைத் தட்டி ஆசீர் கேட்டதாக உல்ஃப் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். அவர் இயல்பே அப்படி. மறைபரப்புப் பேராயத்தின் குருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். ஆனால் கேட்ட இடத்தில் கேட்டதையெல்லாம் எதிர்த்து வாதிடும் பழக்கம் அவரை நிலைக்கவிடவில்லை. தவறான கருத்துகளைக் கொண்டிருக்கிறார் என்று 1818-இல் வெளியேற்றப்பட்டார். சுவிட்சர்லாந்தில் மீட்பர் சபை மடம் ஒன்றில் சில காலம் இருந்துவிட்டு, 1819-இல் இங்கிலாந்து போய் ஆங்கிலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏழாம் பயசுக்கு முன்னிருந்த ஆறாம் பயசை 1798-இல் பிரெஞ்சுப் படைகள் உரோமையிலிருந்து சிறைப்பிடித்துச் சென்றன. 1799-இல் பிரான்ஸ் நாட்டில் கைதியாகவே அவர் இறந்தார். திருவெளிப்பாட்டில் வரும் 1260 நாள்களை 1260 ஆண்டுகளாகக் கணக்கிட்டு, கி.பி. 538-இல் தொடங்கிய அந்தக் காலம் 1798-இல் முடிந்தது, விலங்கு விழுந்தது, இனிப் பாப்பரசரின் ஆட்சி இல்லை என்று ஆங்கில நாட்டு விளக்கவுரையாளர்கள் பலர் உறுதியாக எழுதினார்கள். 1800-இல் வெனிஸ் நகரில் கர்தினால்கள் கூடி ஏழாம் பயசைத் தேர்ந்தெடுத்தார்கள். முடிந்துபோனதாகக் கணக்குச் சொன்ன அதே பீடத்தில் இருந்தவரிடம்தான் உல்ஃப் ஆசீர் பெற்றார். இதைக் கண்ணாரக் கண்ட ஒருவர் எண்களில் இன்னும் கொஞ்சம் எச்சரிக்கையாக இருந்திருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1826-ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்தின் ஆல்பரி என்னும் ஊரில், ஹென்றி டிரம்மண்ட் என்ற செல்வர் தம் மாளிகையில் ஒரு கூட்டம் நடத்தினார். விவிலிய இறைவாக்குகளை ஆராய்வதற்கான கூட்டம் அது. உல்ஃபும் அதில் பங்கேற்றார். புகழ்பெற்ற போதகர் எட்வர்ட் இர்விங்கும் அங்கே இருந்தார். அந்த வட்டத்தில் அப்போது மிகவும் பேசப்பட்ட நூலை எழுதியவர் யார் தெரியுமா? சிலி நாட்டைச் சேர்ந்த இயேசு சபைக் குரு மனுவேல் லக்குன்சா. இயேசு சபையினர் நாடுகடத்தப்பட்டபோது இத்தாலிக்கு வந்து சேர்ந்து, 1801-இல் இறந்தவர். மெசியா மாட்சியோடு திரும்பி வந்து மண்ணுலகில் ஆட்சி செய்வார் என்று யூதப் புனைபெயரில் அவர் எழுதிய நூல், 1824-இல் திருச்சபையின் தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியலில் சேர்ந்தது. இர்விங் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1827-இல் வெளியிட்டார். ஆகவே இந்தப் பற்றுக்கு நம் கத்தோலிக்க வீட்டிலும் ஒரு வேர் உண்டு. பிற சபையினரைப் பார்த்துச் சிரிக்க நமக்கு உரிமையில்லை. கிறிஸ்து கண்ணுக்குத் தெரியும் வகையில் இவ்வுலகில் வந்து அரசாள்வார் என்ற கருத்தைப் பாதுகாப்பாகக் கற்பிக்க இயலாது என்று 1944-இல் உரோமை தெளிவுபடுத்தியது. அந்தக் கேள்வி எழுந்ததும் லக்குன்சாவின் சிலி நாட்டிலிருந்துதான்.

உல்ஃபின் கணக்கு எளிமையானது. தானியேல் நூல் 8-ஆம் அதிகாரத்தில், திருத்தூயகம் மீண்டும் தூய்மைபெற 2300 மாலையும் காலையும் ஆகும் என்று வருகிறது. ஒரு நாளை ஓர் ஆண்டாகக் கொண்டார். கி.மு. 453-இல் தொடங்கினார். 2300-இல் 453-ஐக் கழித்தால் 1847. அந்த ஆண்டு கிறிஸ்து எருசலேமுக்கு வருவார் என்று எகிப்திலும் எருசலேமிலும் பாரசீகத்திலும் புகாராவிலும் அறிவித்தார். அந்த நாளும் வேளையும் யாருக்கும் தெரியாது என்று ஆண்டவர் கூறியிருக்கிறாரே என்று கேட்டவர்களுக்கும் பதில் வைத்திருந்தார். நாளும் வேளையும் தெரியாது, சரி. ஆண்டு தெரியக்கூடாது என்று எங்கே சொல்லியிருக்கிறது என்பது அவர் வாதம்.

இதில் எனக்கு விளங்காத ஒன்று உண்டு. இறைவாக்குகளை உருவகமாகக் கொள்வதை உல்ஃப் கடுமையாக எதிர்த்தவர். எருசலேம் என்றால் எருசலேம், அரசு என்றால் அரசு, எழுதியபடியே கொள்ள வேண்டும் என்பார். எண்ணுக்கு வந்ததும் மட்டும் நாள் என்பது நாள் அல்ல, ஆண்டு என்றார். நாளை நாளாகவே வைத்திருந்தால் 1847 என்ற ஆண்டே பிறந்திருக்காது. அதே காலத்தில் அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற விவசாயி அதே 2300-ஐ எடுத்தார். அதே ஒரு நாளுக்கு ஓர் ஆண்டு என்ற விதியைக் கொண்டார். தொடக்கத்தை மட்டும் கி.மு. 457 என்றார். அவருக்கு 1843 என்றும் பின்பு 1844 என்றும் விடை வந்தது. 1844 அக்டோபர் 22 அன்று பல்லாயிரம் பேர் காத்திருந்தார்கள். அடுத்த நாள் விடிந்தது.

நம் ஆரணியில் இதைப் புரிய வைப்பது எளிது. ஜக்கார்டு தறியில் ஏற்றும் அட்டைகளை நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் அனைவரும் பார்த்திருப்பார்கள். அட்டை நிறையத் துளைகள். ஓர் அட்டையைத் தனியே கையில் எடுத்துத் துளைகளை எத்தனை முறை எண்ணினாலும் முந்தானையில் மயில் வருமா மாங்காய் வருமா என்று சொல்ல முடியாது. அது எந்த டிசைனுக்கு வெட்டிய அட்டை, அதற்கு முன்னும் பின்னும் கோத்த அட்டைகள் எவை என்று தெரிந்தவருக்கே அது பேசும்.

தானியேலின் 8-ஆம் அதிகாரம் எந்தத் தறிக்கு வெட்டப்பட்டது? அந்த அதிகாரமே சொல்கிறது. இரு கொம்புள்ள செம்மறிக்கடா மேதிய, பாரசீக அரசர்களைக் குறிக்கிறது. வெள்ளாட்டுக்கிடாய் கிரேக்க அரசைக் குறிக்கிறது என்று வானதூதரே விளக்கிவிடுகிறார். வெள்ளாட்டுக்கிடாயின் கொம்பு முறிந்த இடத்தில் நான்கு கொம்புகள் எழுகின்றன. அவற்றுள் ஒன்றிலிருந்து சிறிய கொம்பு ஒன்று முளைக்கிறது. இன்றைய விவிலிய அறிஞர்கள் பெரும்பாலோர் அதை நான்காம் அந்தியோக்கு எப்பிபான் என்ற மன்னனாகக் காண்கிறார்கள். கி.மு. 167-இல் எருசலேம் கோவிலைத் தீட்டுப்படுத்தி, தினப்பலியை நிறுத்தியவன் அவன். பிள்ளைகளுக்கு விருத்தசேதனம் செய்த தாய்மாரைக் கொன்றான் என்று மக்கபேயர் நூல் சொல்கிறது. நாள்தோறும் மாலையில் ஒரு பலி, காலையில் ஒரு பலி. 2300 பலிகள் நின்றுபோனால் 1150 நாள், அதாவது மூன்று ஆண்டும் சில வாரங்களும். கி.மு. 164-இல் யூதா மக்கபே கோவிலைத் தூய்மைப்படுத்தினார். கணக்கு ஏறத்தாழ அங்கே பொருந்திவிடுகிறது. மாலைகளையும் காலைகளையும் முழு நாள்களாகவே எண்ணுகிறவர்களும் உண்டு. எப்படி எண்ணினாலும், வாளுக்கு அஞ்சிக் குகையில் ஒளிந்திருந்த ஒரு தாய்க்கு, இந்தக் கொடுமைக்குக் கடவுள் ஓர் எல்லை வைத்திருக்கிறார் என்று சொல்ல வந்த எண் அது. அவளுக்குப் பிறகு இரண்டாயிரம் ஆண்டு கழித்து நடப்பதைச் சொல்லி அவளுக்கு என்ன ஆறுதல்?

திருவெளிப்பாடும் அப்படியே. ஏழு தலை என்பது ஏழு மலை என்று 17-ஆம் அதிகாரம் சொல்லும்போது, முதல் நூற்றாண்டின் ஆசியக் கிறிஸ்தவருக்கு உரோமை நகரம் நினைவுக்கு வராமல் இருக்குமா? நீரோ சீசர் என்ற பெயரை எபிரேய எழுத்துகளில் எழுதி, எழுத்துகளுக்குரிய எண்களைக் கூட்டினால் 666 வரும். சில பழைய கையெழுத்துப் படிகளில் 616 என்று இருக்கிறது. அதே பெயரை இலத்தீன் ஒலிப்பில் எழுதினால் அந்த எண் வரும். பேரரசனின் பெயரை வெளிப்படையாகச் சொன்னால் தலை போகும் காலத்தில் எழுதியது அது. ஆதார் அட்டைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

உல்ஃப் கோழை அல்லர். பணத்துக்காகப் பேசியவரும் அல்லர். 1832-இல் புகாராவிலிருந்து காபூலுக்கு வரும் வழியில் உடைகளையும் பறிகொடுத்து, பனிமலைகளை வெற்றுடலோடு கடந்தார். பின்பு மகாராஜா ரஞ்சித் சிங், சிம்லாவில் தலைமை ஆளுநர் பென்டிங்க் பிரபு என்று பெரியவர்களைச் சந்தித்தார். கல்கத்தாவிலிருந்து மசூலிப்பட்டினம், செகந்திராபாத் வழியாகச் சென்னைக்கு வரும்போது, நகரை நெருங்கிய வேளையில் காலரா கண்டது. அந்தக் காலத்தில் காலரா என்றால் மாலைக்குள் பிணம். பிழைத்துக்கொண்டார். தேறியதும் புதுச்சேரிக்குப் போனார். பிறகு திருநெல்வேலிச் சீமையில் மறைப்பணித் தளங்களைப் பார்த்தார். பாளையங்கோட்டையில் ரேனியஸ் ஐயர் பணிசெய்துகொண்டிருந்த காலம் அது. அங்கிருந்து கோவா. கத்தோலிக்கத் திருச்சபையை விட்டுப் போனவர் என்றாலும் புனித பிரான்சிஸ் சவேரியார்மீது இளமைமுதல் அவருக்குத் தீராத பக்தி. அவரைப்போல ஆக வேண்டும் என்பதே தம் ஆசை என்று சொல்லிவந்தவர், சவேரியார் உறங்கும் அந்த ஊருக்கும் வந்து சேர்ந்தார்.

சவேரியார் நம் கடற்கரையில் செபங்களைக் கற்பித்தார், திருமுழுக்குக் கொடுத்தார், நோயாளிகளைத் தேடிப்போனார். உலகம் முடியும் ஆண்டை அவர் எந்த ஊரிலும் சொல்லவில்லை. உல்ஃப் தம் முன்மாதிரியிடம் இதைக் கவனித்தாரா என்று நான் சில சமயம் எண்ணியதுண்டு.

அமெரிக்கா சென்ற அவர் 1837-இல் அங்கே ஆங்கிலிக்கத் திருத்தொண்டரானார். அதே டிசம்பரில் அந்நாட்டு நாடாளுமன்ற மண்டபத்தில் உரையாற்றினார். 1843-இல், புகாராவில் காணாமல்போன ஸ்டோடார்ட், கொனொலி என்ற இரு ஆங்கில அதிகாரிகளைத் தேடி மறுபடியும் புறப்பட்டார். அவர்களை 1842-லேயே எமீர் நஸ்ருல்லா கொன்றுவிட்டது வெளியுலகுக்கு உறுதியாகத் தெரியாது. குருவுக்குரிய அங்கியும் தொப்பியும் அணிந்து, விவிலியத்தைக் கையில் ஏந்திப் புகாராவுக்குள் நுழைந்தார். எமீர் முன்னால் மூன்று முறை பணிய வேண்டும் என்றார்கள். இவர் முப்பது முறை பணிந்தார். எமீருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாரசீகத் தூதரின் உதவியால் உயிரோடு திரும்பினார். வேறு யாருக்காகவோ இப்படிப் போய்ச் சாவின் வாயில் நின்றவரை நாம் எளிதாக எடைபோட்டுவிட முடியாது.

இருந்தாலும் ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. ஆண்டைக் குறிப்பவருக்கு இழப்பு குறைவு. 1847 வந்து போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டபோது, உல்ஃப் ஒரு வாத்து என்று ஒப்புக்கொள்வேன் என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். நாம் வாத்துமடையன் என்கிறோமே, அதுபோல. பின்னாளில் ஆண்டு குறித்தது தவறு என்று ஒத்துக்கொண்டார். அந்த நேர்மை பாராட்டத்தக்கது. ஆனால் அவர் சொல்லைக் கேட்டவர்கள் உலகமெங்கும் சிதறிக் கிடந்தார்கள். திருத்தம் அவர்களில் எத்தனை பேரை எட்டியிருக்கும்? நம் பக்கத்துத் திருவிதாங்கூரில், பாலக்காட்டுத் தமிழ் பிராமணக் குடும்பத்தில் பிறந்து ஆங்கிலிக்கக் குருவான யுஸ்துஸ் யோசேப்பு என்ற வித்வான்குட்டியைச் சுற்றி ஒரு கூட்டம், 1875-லிருந்து ஆறு ஆண்டு எண்ணி 1881-க்காகக் காத்திருந்தது. ஆறாண்டுக் கூட்டம் என்றே அவர்களுக்குப் பெயர். அந்த ஆண்டும் கடந்தது. வித்வான்குட்டி இயற்றிய குருத்தோலை ஞாயிறு பாடலைக் கேரளத்தில் இன்றும் பாடுகிறார்கள். கணக்கைப் பேசுவோர் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நெசவாளரின் மனைவி என்னிடம் வந்தார். அவர் கணவர் வெளியூரில் ஏதோ ஒரு செபக் கூட்டத்துக்குப் போய்வந்தாராம். முடிவு நெருங்கிவிட்டது, சில மாதம்தான் என்று கேட்டு வந்ததிலிருந்து, முதலாளி கொடுத்த பாவைத் தறியில் ஏற்றவே இல்லை. இரண்டு மாதமாகத் தறி சும்மா கிடந்தது. வாங்கிய முன்பணம் கடனாகிவிட்டது. மகனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டவில்லை. அந்த அம்மாவுக்கு விலங்கின் தலைகள் பற்றிக் கேள்வி எதுவும் இல்லை. ஃபாதர், நீங்கள் வந்து அவரிடம் பேசுங்கள் என்றார், அவ்வளவுதான். நான் போய்ப் பேசினேன். தானியேல் நூலைத் திறந்து, இங்கே நான் எழுதியவற்றைத்தான் ஒரு மணி நேரம் சொன்னேன். அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. பாவு ஏறியது மூன்று வாரம் கழித்து.

1847-ஆம் ஆண்டுக்கு வருவோம். இயேசு சபையினரிடம் மீண்டும் ஒப்படைக்கப்பட்டிருந்த மதுரை மறைப்பணித் தளத்துக்கு அலெக்சிஸ் கனோஸ் அந்த ஆண்டு ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். காலராவில் பல இளம் குருக்களை இழந்திருந்த அந்தத் தளத்தில் அவர் 1888-இல் இறக்கும்வரை பணியாற்றினார். உல்ஃபோ, 1845 முதல் இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் ஐல் புரூவர்ஸ் என்னும் சிற்றூரின் பங்குக்குருவாக இருந்தார். உலகம் சுற்றியவருக்கு ஒரு குக்கிராமம். பங்குக்குரு ஒருவர் செய்யும் வேலைகள்தான் அங்கும். திருமுழுக்கு, திருமணம், அடக்கம். 1860-லும் 1861-லும் தம் வாழ்க்கை வரலாற்றை இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். நான் என்று எழுதாமல் உல்ஃப் செய்தார், உல்ஃப் சொன்னார் என்றே வேறொருவரைப்போலத் தம்மைப் பற்றி எழுதியிருக்கிறார்.

அந்த ஊரின் பழைய ஆலயத்துக்கு மாற்றாகப் புதிய ஆலயம் ஒன்று எழுப்ப வேண்டும் என்பது அவருடைய கடைசி ஆசை. பலரிடமும் நன்கொடை திரட்டினார். கல்லால் கட்டிய அந்த ஆலயம் 1861-இல், அவர் குறித்த ஆண்டு முடிந்து பதினான்கு ஆண்டுகளுக்குப் பின், எழுந்தது. 1862 மே 2 அன்று, அதே ஊரில் அவர் இறந்தார்.